கால் நரம்பின் கதை: 3500 வருடக் கணக்கு



வங்கிக்காரன் வைத்தியம் எழுதக் கிளம்பிவிட்டானே என்று யாரும் பயப்பட வேண்டாம். :-) இது மருந்துச் சீட்டு இல்லை, வரலாறு. பி.காம். படித்தவனுக்கு வரலாறு மட்டும் எதற்கு என்று கேட்டால், இந்தக் கதையின் நடுவில் ஒரு கணக்கு வருகிறது. அந்தக் கணக்கு பிடித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். தொடையின் பக்கவாட்டில், முழங்காலுக்குப் பின்னால், கணுக்காலைச் சுற்றி, தோலுக்கு அடியில் மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் கிளை பிரிந்து ஓடும். பார்க்க சிலந்திவலை போல இருப்பதால் ஆங்கில வழியில் 'ஸ்பைடர் வெயின்' என்று பெயர். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். இதன் அண்ணன் 'வெரிகோஸ் வெயின்'. அது கயிறு மாதிரி புடைத்து, சுருண்டு, முடிச்சு முடிச்சாகத் தெரியும். நம்ம வீடுகளில் இரண்டுக்கும் சேர்த்து 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று சொல்வார்கள். உண்மையில் இது நரம்பு இல்லை. பாடப்புத்தகத் தமிழில் 'சிரை', அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாய். இந்திக்காரர்களும் நம்மைப் போலத்தான், 'நஸ்' என்ற ஒரே சொல்லில் நரம்பையும் சிரையையும் அடக்கிவிடுவார்கள். அதனால் இங்கே டாக்டரிடம் போய் 'கால் நரம்பு வலிக்குது' என்று இந்தியில் சொன்னால், அவர் எதைப் புரிந்துகொள்வார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பெரும்பாலும் போவதே இல்லை என்பதுதான் நிஜம். ஊரை விட்டு வந்த நம்ம குடும்பங்களில் பெண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. புடவையும் சுடிதாரும் மறைத்துவிடுகின்றன. அம்மா பக்கத்தில் இருந்தால் எண்ணெய் தேய்க்கும்போது பார்த்திருப்பார். இங்கே பார்க்க ஆள் இல்லை. கணுக்கால் கறுத்து, புண் வந்து, ஆறாமல் போன பிறகுதான் வெளியே தெரிகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

*

கத்தி வைக்காதே

இந்த நோய் பற்றிய மிகப் பழைய குறிப்பு எகிப்தில் கிடைக்கிறது. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட 'ஈபர்ஸ் பாப்பிரஸ்' என்ற மருத்துவச் சுருள் இன்று ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பாம்பு போல வளைந்து முடிச்சு விழுந்த ஒரு வீக்கத்தைப் பற்றிச் சொல்லி, அதில் கத்தி வைக்காதே என்று எச்சரிக்கிறது. அது வெரிகோஸ் வெயினாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வெட்டினால் ரத்தம் நிற்காமல் ஆள் போய்விடுவான் என்பதை அவர்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்து கிரேக்கம். ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல் சிற்பம் இருக்கிறது. ஒரு மனிதர் தன்னளவு பெரிய ஒரு காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலின் உள்பக்கத்தில் ஒரு சிரை புடைத்து ஓடுவதைச் சிற்பி தெளிவாகச் செதுக்கியிருக்கிறார். நோய் தீர்க்கும் தெய்வமாக வணங்கப்பட்ட அமைனோஸ் என்பவருக்கு வைத்த காணிக்கை அது. நம்ம மாரியம்மன் கோயிலில் வெள்ளியில் கண்மலர், கை, கால் வாங்கி உண்டியலில் போடுகிறோமே, அதே பழக்கம். ஊரும் காலமும்தான் வேறு.

ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் புண்களைப் பற்றி ஒன்று உண்டு. காலில் புண் உள்ளவர் நின்றுகொண்டிருப்பது நல்லதல்ல என்று அது சொல்கிறது. காரணம் தெரியாத காலத்திலேயே 'நிற்காதே' என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ரோமில் கெய்யஸ் மாரியஸ் (கி.மு. 157 - 86) என்று பெரிய தளபதி ஒருவர் இருந்தார். இரண்டு காலிலும் வெரிகோஸ். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அறுவைக்கு ஒப்புக்கொண்டார். மயக்க மருந்து கிடையாது. வழக்கமாக நோயாளியைக் கட்டிப்போட்டுத்தான் வெட்டுவார்கள். இவர் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முகம் சுளிக்காமல், சத்தம் போடாமல் ஒரு காலைக் காட்டியிருக்கிறார். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது, இந்தப் பலனுக்கு இவ்வளவு வலி தகாது என்று மறுத்துவிட்டாராம். புளூட்டார்க் எழுதியிருக்கிறார். செலவு - வரவு பார்த்து முடிவெடுத்த முதல் வெரிகோஸ் நோயாளி அவராகத்தான் இருக்க வேண்டும். :-)

அடுத்த நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் இந்த அறுவையை எழுதி வைத்தார். புடைத்த சிரையைச் சூட்டுக்கோலால் சுடு, அல்லது வெட்டி எடு. அவ்வளவுதான் வழி. ஆனால் வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி இன்னொன்று புடைக்கும். ஏன்? அதைச் சொல்ல ஏறத்தாழ 1600 வருடம் கழித்து ஒரு கணக்கு தேவைப்பட்டது.

*

டேலி ஆகாத கணக்கு

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் சொன்னதுதான் ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் நெடுங்காலம் வேதவாக்கு. சாப்பாடு கல்லீரலில் ரத்தமாக மாறுகிறது, சிரைகள் வழியாக உடம்பெங்கும் போகிறது, அங்கேயே செலவாகிவிடுகிறது. அதாவது வரவு எல்லாம் செலவு, திரும்பி வருவது ஒன்றும் இல்லை. காலில் புடைத்து நிற்பது கீழே இறங்கித் தங்கிவிட்ட கெட்ட ரத்தம். அதனால் கால் புண் ஆறினால்கூட ஆபத்து, கெட்டது வெளியேற வழி இருக்கட்டும் என்று புண்ணைத் திறந்தே வைத்திருந்த மருத்துவர்களும் உண்டு. எத்தனை பேர் அந்தப் புண்ணோடு வாழ்நாள் முழுக்க நடந்தார்களோ.

1603இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ், சிரைகளுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதைப் படம் போட்டு வெளியிட்டார். இன்று நாம் வால்வு என்று சொல்வது. ஆனால் அவற்றின் வேலையை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ரத்தம் ஒரேயடியாகக் கீழே பாய்ந்து காலில் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்கும் தடுப்பு என்று நினைத்தார்.

அவரிடம் படித்த மாணவர் வில்லியம் ஹார்வி, ஆங்கிலேயர். 1628இல் வெளியான அவருடைய புத்தகத்தில்தான் நான் சொன்ன கணக்கு வருகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு, இரண்டையும் பெருக்கினார். துடிப்புக்கு மிகக் குறைந்த அளவை வைத்துப் பெருக்கினாலும், நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து அவ்வளவு ரத்தம் வரவே முடியாது. கேலனின் லெட்ஜர் டேலி ஆகவில்லை! அப்படியானால் போன ரத்தம்தான் திரும்பி வருகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரும்பும் வழி சிரை. வால்வுகள் வேகத் தடுப்பு அல்ல, ஒருவழிக் கதவு. இதயப் பக்கம் மட்டுமே திறக்கும்.

ஊரில் கிணறு, மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு இது நொடியில் புரியும். உறிஞ்சு குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும். மேலே ஏறிய தண்ணீரைக் கீழே இறங்க விடாது. அது கெட்டால் தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் குழாயில் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டார் போட வேண்டும். நம்ம காலில் மோட்டார் என்பது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. வால்வுகள் இறங்காமல் பிடித்துக்கொள்கின்றன. வால்வு கெட்டால் ரத்தம் கீழே வழிந்து தேங்கி, அழுத்தம் ஏறி, சிரை புடைக்கும். அசையாமல் நின்றால் மோட்டாரும் ஓடாது.

அதாவது கண்ணுக்குத் தெரியும் முடிச்சு வெறும் விளைவு. கோளாறு அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது. இரண்டாயிரம் வருடமாக மருத்துவர்கள் வெட்டியதும் சுட்டதும் விளைவைத்தான்.

*

260 வருடத் தாமதம்

இவ்வளவு தெரிந்த பிறகாவது சிகிச்சை மாறியதா? இல்லை. 1846இல் ஈதர் மயக்க மருந்தும் 1867இல் லிஸ்டரின் கிருமிநீக்க முறையும் வந்தபிறகுதான் காலில் கத்தி வைக்கத் துணிச்சல் வந்தது. 1890இல் ஜெர்மானியர் ஃபிரீட்ரிஷ் டிரெண்டலன்பர்க் எளிதான ஒரு சோதனையை விவரித்தார். நோயாளியைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் சிரைகள் காலியாகும். தொடையில் மேலே அழுத்திப் பிடித்தபடி எழுப்பி நிற்க வைத்து, பிறகு கையை எடுத்தால், மேலிருந்து ரத்தம் சரசரவென்று இறங்கிப் புடைக்கும். கசிவு மேலே என்பதற்கு அதுதான் சாட்சி. ஆகவே முடிச்சை விட்டுவிட்டு, மேலே தொடையில் பெரிய சிரையைக் கட்டினார். ஹார்வியின் புத்தகத்துக்கும் இதற்கும் இடையில் 262 வருடங்கள்.

அதன்பின் வேகம் பிடித்தது. 1907இல் பாப்காக் என்ற அமெரிக்கர், சிரைக்குள் ஒரு கம்பியை விட்டு அதை முழுசாக உருவி எடுக்கும் முறையைச் சொன்னார். 'ஸ்டிரிப்பிங்' என்ற அந்த அறுவைதான் 20ஆம் நூற்றாண்டு முழுக்க ஆட்சி செய்தது. நம்ம ஊரில் பெரியவர்கள் 'நரம்பை உருவிட்டாங்க' என்று சொல்வது இதைத்தான்.

இன்னொரு பக்கம் ஊசி. 1853இல் பிரான்சில் பிராவாஸ் ஊசிக்குழலை உருவாக்கினார். கொஞ்ச நாளிலேயே சிரைக்குள் எதையாவது செலுத்தி அதை ஒட்ட வைத்துவிட முடியுமா என்று முயன்றார்கள். அந்தக் காலத்து மருந்துகள் கொடுமையானவை, தசை அழுகியவர்கள் உண்டு. 1946இல் சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் என்ற மருந்து வந்தபின் நிலைமை மாறியது. அடுத்து பாலிடோகனால். இதை முதலில் மரத்துப்போக வைக்கும் மருந்தாகத்தான் உருவாக்கினார்கள். சிரையை மூடிவிடும் அதன் குணம் அந்த வேலைக்குத் தொந்தரவாக இருந்தது. 1960களில் அந்தக் குற்றமே குணமாகி, சிரை மருந்தாகிவிட்டது! 2000இல் டெஸாரி என்ற இத்தாலியர் இரண்டு சிரிஞ்சையும் ஒரு மூவழிக் குழாயையும் வைத்து மருந்தை நுரையாக்கும் எளிய வழியைச் சொன்னார். நுரை சிரைச் சுவரில் நன்றாக ஒட்டும், மருந்தும் குறைவு.

1990களின் கடைசியிலிருந்து ரேடியோ அலை, லேசர் சூடு வந்தன. பெரிய சிரைக்குள் மெல்லிய குழாயை விட்டு உள்ளேயே சுட்டு மூடிவிடுவது. செல்சஸின் சூட்டுக்கோல் 2000 வருடம் கழித்து வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. ஒரு வித்தியாசம், இப்போது அல்ட்ராசவுண்டில் பார்த்து கோளாறு இருக்கும் இடத்தில் சுடுகிறார்கள். 2013இல் பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் இந்தச் சூட்டு முறையை முதலிலும், நுரை ஊசியை இரண்டாவதாகவும், பழைய உருவும் அறுவையைக் கடைசியிலும் வைத்தது.

காலுறையையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற எஞ்சினியருக்கே இந்த நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் இறங்கி நின்றால் மட்டும் கால் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழத்தில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்துகிறது அல்லவா? அதேபோல் கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் ஒரு காலுறை செய்தார். 1950இல் அதற்காகவே நிறுவனம் தொடங்கினார்.

*

சரி, இன்று நமக்கு என்ன?

சிலந்தி நரம்புக்கும் வெரிகோஸுக்கும் காரணங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். வயது, உடல் பருமன், நீண்ட நேரம் நிற்கும் வேலை. பெண்களுக்குக் கர்ப்பம் பெரிய காரணம்: ரத்த அளவு கூடுகிறது, ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, கருப்பை மேலே அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு தானாகக் குறைவதும் உண்டு, அதனால் சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள்.

வெறும் சிலந்தி நரம்பு மட்டும் என்றால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. பிடிக்காவிட்டால் எடுக்கலாம். காலுக்கு மிக மெல்லிய ஊசியில் மருந்து செலுத்துவதே முதல் தேர்வு. பல தடவை போக வேண்டியிருக்கும். ஊசி போட்ட இடத்தில் பழுப்புத் தழும்பு சில மாதம் நிற்கலாம். தோல் மேல் லேசரும் உண்டு. ஆனால் நம்ம மாதிரி கறுத்த தோலில் லேசர் நிறமியையும் பிடித்துக்கொள்ளும், சுட்டுவிடவும் நிறம் மாறவும் வாய்ப்பு அதிகம். வெள்ளைத் தோலுக்குப் போட்ட விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் நிறத்துக்குச் செய்து பழகியவரா என்று கேளுங்கள்.

கால் கனம், வீக்கம், புடைப்பும் சேர்ந்திருந்தால் முதலில் டாப்ளர் ஸ்கேன். மேலே வால்வு கசிந்துகொண்டிருக்க, கீழே கோட்டை மட்டும் அழித்தால் திரும்ப வரும். செல்சஸ் காலத்துப் பாடம் இன்னும் மாறவில்லை. காலுறை வாங்குமுன்னும் ஒரு வார்த்தை: சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்களுக்குக் காலுக்கு வரும் ரத்தமே குறைவாக இருக்கலாம். நாடி பார்க்காமல் இறுக்கமான காலுறை போடக் கூடாது.

கணுக்கால் கறுப்பது, அரிப்பது, புண் வருவது, இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். இரண்டு நாள் ரயில் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது உள்ளே ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை. புடைத்த சிரை உடைந்து ரத்தம் வந்தால் படுத்துக் காலைத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

தொழில் புத்தி போகுமா, ஒரு வரி. :-) அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. வெரிகோஸுக்கும் பல பாலிசிகளில் முதல் ஒன்றிரண்டு வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் பாலிசியைப் படியுங்கள்.

*

நாற்காலியின் வரலாறு

இதுவரை சொன்னது மருத்துவர்களின் கதை. 'நிற்காதே' என்று கிரேக்க நூல் சொன்னதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது.

1899இல் பிரிட்டன் கடைப் பணிப்பெண்களுக்காக ஒரு சட்டம் போட்டது. மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும். இந்தியாவில் 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி கேட்டது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களுக்கு அது பொருந்தவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது என்ற கடைகள் இருந்தன. கேரளத்தில் கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பு இதற்காகப் பல வருடம் போராடியது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. கடை, நிறுவனங்களில் வேலை செய்யும் எல்லோருக்கும், ஆண்கள் உட்பட, இருக்கை தர வேண்டும் என்றது. நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது என்பது அந்த விவாதங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணம்.

ஹார்வி வால்வின் வேலையைக் கண்டு சொன்னதற்கும் கேரளக் கடைப்பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்ததற்கும் நடுவே 390 வருடம். மருந்துக்கடையில் கிடைப்பதைவிட நாற்காலி கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

நம்ம வீட்டுச் சமையலறைக்குச் சட்டம் எதுவும் கிடையாது. அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கிய காலம் போய், இந்த ஃபிளாட்டுகளில் நறுக்குவது, அரைப்பது, வார்ப்பது, கழுவுவது எல்லாமே மேடை முன் நின்றுதான். ஓர் உயரமான ஸ்டூல் வாங்கிப் போடலாம். தோசை வார்க்கும் வேலையைப் பாதி வாங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் இருவரும் அரை மணி நேரம் நடக்கலாம், கெண்டைக்கால் மோட்டார் ஓடட்டும். முக்கியமாக, வீட்டில் இருப்பவரிடம் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்த லீவில் ஊருக்குப் போய் தி.நகரிலோ மதுரையிலோ புடவை எடுக்கும்போது, கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இருந்தால், அந்தப் பெண் உட்கார்ந்தபடியே புடவையைக் காட்டினால், தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள்.